மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடாத ஆள்

மருந்துக்கடைக்காரருக்கு அன்றைக்கு அது பதினோராவது தடவை. மணி பகல் இரண்டுதான். கடைக்குப் பின்பக்கம் இருக்கும் கழிப்பறையில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரின் டைல்ஸை எண்ணிக்கொண்டிருந்தார். மொத்தம் அறுபத்தெட்டு, அதில் மூன்றில் விரிசல். நான்கு மாதமாக எண்ணுகிறார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குறைந்ததெல்லாம் அவருடைய எடைதான்.

வெளியே கடையில் யாரோ இருமினார்கள்.

"யாரும்மா அது?" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்.

"தையல்கார அண்ணன் வந்திருக்காருங்க. ரெண்டு நாளா இருமலாம்," என்றார் கடையில் வேலை பார்க்கும் அம்மா.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்லையாம்."

"வர்றதுக்குள்ள அடிச்சிடணும். அந்தச் சிவப்பு அட்டைல அஞ்சு நாளைக்குக் குடு. இருமல் நின்னாலும் நிறுத்தாம சாப்பிடச் சொல்லு."

தையல்காரர் கழிப்பறைக் கதவைப் பார்த்து மரியாதையாக விசாரித்தார். "அண்ணே, உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன, நல்லா இருக்கேன்," என்றார் மருந்துக்கடைக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவருக்குக் கிருமி என்றால் ஜென்மப் பகை. கடைக்கு வரும் எவரிடமும் டாக்டர் சீட்டு கேட்க மாட்டார். கேட்டால் வந்தவர் மனசு புண்படும் என்று ஒரு பெருந்தன்மை. சளிக்கு ஆண்டிபயாடிக், இருமலுக்கு ஆண்டிபயாடிக், மழையில் நனைந்து வந்தவருக்கு முன்னேற்பாடாக ஒரு அட்டை. தனக்கும் குறை வைத்தவரில்லை. பல் பிடுங்கிய அன்று பத்து நாளைக்கு விழுங்கினார். பல் ஆறியபிறகு தொண்டை கரகரத்தது, அதற்கு ஏழு நாள். அப்புறம் பேருந்தில் முன் சீட்டுக்காரர் தும்மினார், அவருக்காக இவர் ஐந்து நாள். அந்த ஐந்தாவது நாள் ஓட ஆரம்பித்தவர்தான், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் குடல் டாக்டரம்மாவிடம் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசும் பெண்மணி. பரிசோதனைக் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"உங்க வயித்துக்குள்ள கோடிக்கணக்குல கிருமி இருக்கணும் சார்."

"இருக்கணுமா?" மருந்துக்கடைக்காரருக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"ஆமா. சாப்பாட்டை உடைக்கிறது, சத்தைப் பிரிச்சுக் குடுக்கிறது, வெளியேருந்து வர்ற கெட்டது உள்ள தங்காம பாத்துக்கிறது, எல்லாம் அதுங்க பாக்கற வேலை. உங்ககிட்ட இப்ப அதுங்க இல்லை. மாத்திரை போட்டுப் போட்டு நீங்களே காலி பண்ணிட்டீங்க. ஒரே ஒரு கெட்ட கிருமி மட்டும் சாகாம தப்பிச்சு, காலி வீட்டுல சட்டமா உக்காந்திருக்கு."

"அதைக் கொல்ல மாத்திரை எழுதுங்க."

"ரெண்டு தடவை எழுதியாச்சே. நிறுத்தின மறுவாரமே திரும்பி வருது. இனிமே கொன்னு பிரயோஜனம் இல்லை. நல்லதுங்களைக் கொண்டுபோய் உள்ள குடி வைக்கணும். அதுங்க வந்துட்டா இது தானா இடத்தைக் காலி பண்ணும்."

"சொல்லுங்க டாக்டர், எந்தக் கம்பெனி? மொத்த வியாபாரிங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

"கம்பெனி இல்லை சார். ஆரோக்கியமான ஒரு ஆளோட மலம்."

டாக்டரம்மா சிரிக்கிறாரா என்று பார்த்தார். சிரிக்கவில்லை.

"அதைக் கரைச்சு, வடிகட்டி, குழாய் வழியா உங்க குடலுக்குள்ள விடுவோம். நீங்க மயக்கத்துல இருப்பீங்க."

மருந்துக்கடைக்காரருக்கு மயக்கம் அப்போதே வந்துவிட்டது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "யாரோடது?" என்று கேட்டார்.

"ஆளை நீங்கதான் கூட்டிட்டு வரணும். இங்க சேமிச்சு வைக்கிற வசதி கிடையாது. ரத்தம், மலம் எல்லாம் சோதிச்சுத்தான் எடுத்துப்போம். முக்கியமா, மூணு மாசமா ஆண்டிபயாடிக் சாப்பிடாத ஆளா இருக்கணும்."

"அவ்வளவுதானே? எனக்கு ஆயிரம் பேரைத் தெரியும்," என்று எழுந்தார். எழுந்த வேகத்தில் நேராகக் கழிப்பறைக்குப் போனார்.

ஆயிரம் பேரைத் தெரியும் என்பது உண்மைதான். முதலில் பக்கத்துக் கடை முடிவெட்டுபவரிடம் போய், விஷயத்தைச் சொல்லாமல் பூசி மெழுகிக் கேட்டார். "கழுத்துல கட்டி வந்தப்ப ஒரு வாரத்துக்கு நீங்கதானே குடுத்தீங்க? போன மாசம்," என்றார் அவர். மாடி வீட்டுக் கணக்கு வாத்தியார் விரல் விட்டு எண்ணி, இந்த மூன்று மாதத்தில் நான்கு தடவை என்றார். கணக்கில் புலி, தப்பு இருக்காது. பழக்கடைக்காரம்மா சுத்தமாக நோயே இல்லாதவர். ஆனால் பேத்திக்குச் சளி என்று கேள்விப்பட்டு, அவருக்கும் சேர்த்து இவர்தான் அட்டை கொடுத்தனுப்பியிருந்தார். சொந்த அண்ணனுக்குப் போன் போட்டால், "நீ பார்சல்ல அனுப்பினியே, அதைத்தான்டா இப்பவும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்," என்று நன்றி வேறு சொன்னார்.

அந்தத் தெருவில் எத்தனையோ வயிறுகள் இருந்தன. எல்லா வயிற்றிலும் மருந்துக்கடைக்காரரின் கைங்கரியம் இருந்தது.

"நீ?" என்று கடைசியில் மனைவியிடம் கேட்டார்.

"போன வாரம் ஒரு தும்மல் போட்டேன். திரும்பறதுக்குள்ள வாயில திணிச்சீங்க," என்றார் மனைவி, துணி மடித்துக்கொண்டே. ஒரு துண்டை நான்காக மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "ஒருத்தன் இருக்கான். உங்க கடைப் படியை மிதிக்காத ஒருத்தன்."

மருந்துக்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. யார் என்று கேட்கவும் இல்லை.

மனைவியின் தம்பி அவன். செடி வளர்த்து விற்கும் நர்சரி ஒன்றில் வேலை. மண்ணும் மட்கிய எருவும் கலப்பது, பைகளில் நிரப்புவது, பதியன் போடுவது. பத்து விரல் நகத்திலும் கறுப்பாக மண் இருக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது, அவனும் பெரிதாக முயற்சி செய்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு வீட்டில் புது சோபா வாங்கியிருந்த சமயம் அக்காவைப் பார்க்க வந்தான். அவன் உட்காருவதற்கு முன்னால் மருந்துக்கடைக்காரர் ஓடிப்போய் சோபா மேல் செய்தித்தாளை விரித்தார். அவன் விரித்த தாளைப் பார்த்தான். குனிந்து தலைப்புச் செய்தியை நிதானமாகப் படித்தான். "சரிக்கா, வர்றேன்," என்று கிளம்பிவிட்டான். அதற்கப்புறம் வரவில்லை.

"அவன்கிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கேக்கறது?"

"நீங்க மூஞ்சிக்கா கேக்கறீங்க?" என்றார் மனைவி.

மறுநாள் நர்சரிக்குப் போனார். பச்சை வலைக்கூரை, அதன் கீழே வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகளில் கன்றுகள், ஓரத்தில் ஆள் உயரத்துக்கு எருக்குவியல். மருந்துக்கடைக்காரர் மூக்கைப் பிடிக்கத் தூக்கிய கையைப் பாதியில் இறக்கி, தலையைக் கோதிக்கொண்டார்.

"மச்சான்," என்று கூப்பிட்டார்.

அவன் திரும்பவில்லை. இருபது வருஷமாக அவனை "ஏம்ப்பா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். வேறு யாரையோ என்று நினைத்துவிட்டான். இரண்டாவது தடவை கூப்பிட்டதும் திரும்பினான்.

"அத்தானா? என்ன இப்படி வத்திப் போயிட்டீங்க?"

"உடம்பு சரியில்ல."

"உங்க கடைல மருந்து தீந்து போச்சா?"

மருந்துக்கடைக்காரர் அதை முழுங்கிக்கொண்டார். நான்கு மாதக் கதையைச் சொன்னார். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னார். கடைசிச் சொல் மட்டும் வாயை விட்டு வரவில்லை. "உன்கிட்ட இருந்து ஒண்ணு வேணும்," என்று நிறுத்தினார்.

"என்கிட்டயா? நம்மகிட்ட என்ன இருக்கு அத்தான் குடுக்க?"

"அது... நீ தினம் காலைல வேண்டாம்னு விடறது."

அவன் கொஞ்சம் யோசித்தான். யோசிக்க யோசிக்கக் கையிலிருந்த பூவாளி சாய்ந்து, தண்ணீர் ஒரே கன்றில் கொட்டி வழிந்தது. "கக்கூஸ்ல போறதா?"

"மெதுவாப் பேசு."

"எவ்வளவு வேணும்?"

"கொஞ்சம் போதும்னு சொன்னாங்க."

"கொஞ்சமா? அதுல என்னத்துக்கு அத்தான் சிக்கனம்? இருக்கற சொத்து அதுதான், முழுசா எடுத்துக்கங்க." சிரிப்பை அடக்கி அடக்கி அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "அக்கா வரச் சொல்லுச்சா, நீங்களா வந்தீங்களா?" என்று கேட்டான்.

"ரெண்டும்தான்."

"சரி, எப்ப வரணும்?"

எட்டு வகைப் பரிசோதனை நடந்தது. எட்டிலும் மச்சான் தேறினான். பள்ளிக்கூடத்தில்கூட எல்லாப் பாடத்திலும் அவன் தேறியதில்லை. பரிசோதனைக்கூடத்து ஆள் அறிக்கையைக் கொடுக்கும்போது, "இப்படி ஒரு சாம்பிள் பாத்து ரொம்ப நாளாச்சு. வகைவகையா இருக்கு. என்ன சார் சாப்பிடறீங்க?" என்று வியந்தார்.

"கீரை, பயறு, கிடைக்கற காய். சம்பளத்துக்கு முந்தின வாரம் வெறும் கீரை," என்றான் மச்சான்.

பக்கத்தில் நின்ற மருந்துக்கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. அவருடைய சாம்பிளை இதுவரை ஒருத்தரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். டாக்டரம்மா மச்சானிடம், "வழக்கமா சாப்பிடறதையே சாப்பிடுங்க. புதுசா எதுவும் வேண்டாம்," என்று சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை மருந்துக்கடைக்காரருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த எருக்குவியல் வந்து நின்றது. அந்த நகங்கள் வந்து நின்றன. ஒரு கோடி கிருமி வரிசையில் நின்று தன் வயிற்றுக்குள் இடம் பிடிப்பது போல இருந்தது. டாக்டரம்மா படித்தவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முப்பது வருஷ அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே. பொருளைக் கொடுப்பது கொடுக்கட்டும், கிருமியில்லாமல் சுத்தமாகக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் நல்லதுதானே. கடையில் உட்கார்ந்து, சிவப்பு அட்டையிலிருந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி, லேபிள் கிழித்த ஒரு குப்பியில் போட்டார்.

"மச்சான், இது சத்து மாத்திரை. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வெள்ளிக்கிழமை வரைக்கும் விடாம சாப்பிடு," என்று நர்சரிக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அவன் இரண்டு கையாலும் வாங்கினான். "நீங்க எனக்குன்னு ஒண்ணு கொண்டு வந்து குடுத்திருக்கீங்க. அக்காகிட்ட சொன்னா நம்பாது," என்றான்.

மருந்துக்கடைக்காரருக்கு ஒரு நொடி நெஞ்சில் சுருக்கென்றது. அதையும் வாயுத் தொல்லை என்று எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை கடைசிச் சோதனை. இரண்டு பேரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் நெளிந்துகொண்டே இருந்தான்.

"என்ன, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்றார் டாக்டரம்மா.

"நேத்துலேருந்து மூணு நாலு தடவை போகுது டாக்டர். எனக்கு இப்படி ஆனதே இல்லை."

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "புதுசா என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க. அத்தான் குடுத்த சத்து மாத்திரை மட்டுந்தான்." பெருமையாகப் பையில் கைவிட்டுக் குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தான். "ஒரு வேளை கூட விடலை."

டாக்டரம்மா ஒரு மாத்திரையை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார். மாத்திரையைப் பார்த்து முடித்ததும் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

"இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும் டாக்டர். சுத்தமா வரட்டும்னுதான்..."

"எது சுத்தமா வரட்டும்னு?"

"கிருமி இல்லாம."

"சார்," என்று டாக்டரம்மா சொல்லிவிட்டு, மாத்திரையைத் திரும்பக் குப்பிக்குள் போட்டு இறுக்க மூடினார். "அந்தக் கிருமிதான் மருந்து. அதுக்காகத்தான் இவரு. கிருமி போயிட்டா பாக்கி இருக்கறது வெறும் மலம். அது உங்ககிட்டயே வேண்டிய அளவு இருக்கே."

நாளைக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார். மச்சானின் குடல் பழையபடி ஆக மூன்று மாதம் வேண்டும். அதுவரை ஒரு மருந்தைக் கொடுத்துப் பதினோரு தடவையை ஆறு தடவையாகக் குறைத்து வைக்கலாம், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்குமேல் உடம்பு தாங்காது, இப்போதே எலும்பும் தோலுமாக இருக்கிறீர்கள் என்றார். வேறு ஆள் தேடிப் பார்த்தார்கள். நர்சரியில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்து போயிருந்தது. இன்னொருவருக்குக் குடி.

ஆஸ்பத்திரி வாசலில் மச்சான் நின்றான்.

"அத்தான், நான் அழுக்குன்னு நினைச்சீங்களா?"

மருந்துக்கடைக்காரர் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தார்.

"சரி விடுங்க. மூணு மாசம் கழிச்சு வர்றேன். ஆனா ஒண்ணு. அதுவரைக்கும் நீங்க எனக்கு எதுவும் குடுக்கக் கூடாது. தண்ணி கூட."

"ஏன்டா, இவ்வளவுக்கு அப்புறமும் வர்றேங்கற?"

"நீங்க போய்ச் சேந்துட்டீங்கன்னா அக்கா என் வீட்டுக்கு வந்துடும். ரெண்டு வேளையும் என்னைக் குளிக்கச் சொல்லியே கொன்னுடும்," என்றான். சிரிக்காமல்தான் சொன்னான்.

அன்றிலிருந்து மருந்துக்கடைக்காரர் ஒரு வயிற்றுக்குக் காவல்காரர் ஆனார். நாள்காட்டியில் தினம் ஒரு கோடு. தினம் சாயங்காலம் நர்சரி. மச்சானை மழையில் நிற்க விடமாட்டார், தலைவலிக்குத் தைலம் தடவினாலும் பக்கத்தில் நின்று லேபிளைப் படிப்பார். மச்சானும் இளகிய மனசுக்காரன் இல்லை. இவர் வரும் நேரம் பார்த்துப் பொய்யாக ஒரு தும்மல் போடுவான். இவருக்கு முகம் வெளுத்துப்போகும்.

"சளி பிடிச்சிருக்கு அத்தான். ஏதாவது மாத்திரை?"

"வேணாம் மச்சான். வெந்நீர் குடி. சளி தானா வந்த மாதிரி தானாப் போயிடும்."

"இது உங்க வாயிலேருந்தா வருது?" என்று மச்சான் பக்கத்திலிருந்தவர்களைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொல்லுவான்.

கடையில் சிவப்பு அட்டை மட்டும் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தது. ஊர் வயிற்றுக்கு ஒரு நியாயம், மச்சான் வயிற்றுக்கு ஒரு நியாயம்.

எழுபத்தொன்பதாவது கோடு போட்ட அன்று நர்சரிக்குப் போனபோது, மச்சான் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பை நிரப்பிக்கொண்டிருந்தான். எழுந்து வரவில்லை. தும்மவும் இல்லை. கண் சிவந்து கிடந்தது.

"என்னடா இது, காஞ்ச நிலத்துல பூட்ஸு?"

"சும்மாதான்."

"கழட்டு."

"முள்ளு குத்திடுச்சு அத்தான். நீங்க கிளம்புங்க, இருட்டிடும்."

மருந்துக்கடைக்காரர் மண்தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து பூட்ஸைப் பிடித்து இழுத்தார். அவன் பல்லைக் கடித்தான். முள் இல்லை, மண்வெட்டி. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் நீளமாகப் பிளந்து, பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, சீழ் கோத்திருந்தது. கணுக்காலுக்கு மேல் ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

"எப்ப ஆச்சு?"

"நாலு நாளாச்சு."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா மாத்திரை குடுப்பாங்க. இன்னும் பதினோரு நாளுதானே அத்தான், தாங்கிக்குவேன்."

அவர் அங்கேயே கவிழ்த்து வைத்திருந்த ஒரு தொட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். எதற்கெடுத்தாலும் மாத்திரை கொடுத்த மனுஷன், ஒரு மாத்திரையைக் கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் தேட ஆரம்பித்தார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் அடங்கிவிடுமோ. சீழ் தானாக உடைந்தால் வடிந்துவிடுமோ. பதினோரு நாள் என்ன பெரிய நாள், கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று காலில் குறுக்கே ஒரு கோடு போட்டார். அங்கே டீ போடும் அடுப்பில் தண்ணீர் வைத்து, ஒத்தடம் கொடுத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இடையில் இரண்டு தடவை அந்த நர்சரியின் தகரக் கதவுக் கழிப்பறைக்கு ஓடிப்போய் வந்தார். முன்பு அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்க மாட்டார்.

மூன்றாவது தடவை வந்து பார்த்தபோது, சிவப்பு பேனாக் கோட்டைத் தாண்டி ஒரு கட்டைவிரல் அகலம் மேலே போயிருந்தது.

கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மச்சானின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். எலும்பும் தோலுமான ஆள், தன்னைவிட இரண்டு மடங்கு கனமான ஆளை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து, வண்டி பிடித்து ஏற்றினார்.

காயம் பார்க்கும் டாக்டர் சின்ன வயசுக்காரர். கீறிவிட்டுச் சீழை எடுத்துக் கட்டுப் போட்டார். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும். அப்புறம் காலா உயிரான்னு பேச வேண்டியதாயிருக்கும்," என்று சொல்லி, ஒரு ஊசி போட்டார், பத்து நாளைக்கு மாத்திரை எழுதினார். கீழ்த்தளத்தில் இருந்த மருந்துக்கடையில் மருந்துக்கடைக்காரர் வரிசையில் நின்றார். கவுண்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல், "சீட்டு இருக்கா?" என்று கேட்டார். இவர் சீட்டை நீட்டினார்.

மேலே வந்தால் மச்சான் அடம் பிடித்தான். நடைபாதை பெஞ்சில் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்து, வாயை இறுக்க மூடிக்கொண்டான்.

"ஊசியே போட்டுக்க மாட்டேன்னேன். அமுக்கிப் பிடிச்சுப் போட்டுட்டீங்க. மாத்திரைய முழுங்க மாட்டேன்."

"டேய், இது நிஜமாவே வேணும்டா."

"நீங்க யாருக்குத்தான் அத்தான் வேணாம்னு சொல்லியிருக்கீங்க?"

எதிர் பெஞ்சில் கையில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தார், மறுபடி மூடினார்.

"யாருக்கும் சொன்னதில்லை. உனக்குத்தான் எழுபத்தொன்பது நாளா சொல்லிக்கிட்டு இருக்கேன்," என்றார். "யோசிச்சுப் பாரு. இதை நீ முழுங்கினா நஷ்டம் யாருக்கு? எனக்கு. நஷ்டப்பட்டு நான் இதுவரைக்கும் ஒருத்தனுக்கு மாத்திரை குடுத்திருக்கேனா? அதை வச்சாவது நம்பு."

"உங்களுக்கு மூணு மாசத்துக்கு மேல தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்கு."

"அந்தம்மா சொல்றதை எல்லாம் நான் எப்ப கேட்டேன்?"

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் திறந்த அந்த ஒரு நொடியில் மருந்துக்கடைக்காரர் மாத்திரையை உள்ளே போட்டு, மூக்கைப் பிடித்துத் தண்ணீரை ஊற்றினார். முப்பது வருஷத் தொழில், குறி தப்பவில்லை.

"வாயைத் திற. நாக்கைத் தூக்கு. அந்தப் பக்கம்." உள்ளே குனிந்து பார்த்தார். மாத்திரை போய்விட்டிருந்தது. அதோடு எழுபத்தொன்பது கோடுகளும் போய்விட்டன.

மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"இனிமே முதல்லேருந்தா அத்தான்?"

"கடைசி மாத்திரை போட்ட மறுநாள்லேருந்து."

"வலி நின்னதும் நிறுத்திட்டா சீக்கிரம் ஆரம்பிக்கலாமே?"

"நிறுத்திப் பாரு, இன்னொரு காலையும் உடைக்கறேன்," என்றார். சீட்டின் பின்பக்கத்தில் பத்து நாளுக்கும் நேரத்தைக் குண்டு குண்டாக எழுதி, மச்சானின் சட்டைப் பையில் செருகினார். எழுதி முடிப்பதற்குள் வயிறு ஒரு புரட்டுப் புரட்டியது. முகம் வியர்த்தது.

"நான் வர்ற வரைக்கும் இங்கேயே உக்காரு. காலைத் தொங்கப் போடாத," என்று சொல்லிவிட்டு, நடைபாதைக் கோடியில் இருந்த கதவைப் பார்த்து வேகமாக நடந்தார்.